ராத்திரி கை மரத்து எழுப்பிவிடுகிறது, பகலில் டம்ளர் நழுவுகிறது: இதை யாரிடம் காட்டுவது?

நூல்கண்டு:

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன், 11 வருடம் ஆகிறது. வலது கையில் ட்ரிம்மர், இடது கையில் பீஸ். பிசிறு நூலை வெட்டிக்கொண்டே ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்துத் தள்ள வேண்டும், ஆர்டர் போகிற நேரம் என்றால் ஒன்றரை ஷிப்ட்.

மூன்று மாதமாக ராத்திரி இரண்டு, இரண்டரை மணிக்கு வலது கை மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. எழுந்து உட்கார்ந்து கையை உதறுவேன், கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுவேன், கொஞ்ச நேரத்தில் உணர்ச்சி திரும்பிவிடும். முதலில் வாரத்துக்கு ஒரு நாள் வந்தது, இப்போது தினமும். பகலில் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்து நின்றாலும், போனைக் காதில் வைத்துப் பேசினாலும் குறுகுறுவென்று ஆரம்பிக்கிறது. போன செவ்வாய்க்கிழமை டீ டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. சூடு தாங்காமல் விட்டேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள், ஆனால் அது ஆறிப்போன டீ. பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன், கையில் டம்ளர் இல்லை.

வலி என்று பெரிதாக இல்லை, அதனால்தான் இத்தனை நாள் விட்டுவிட்டேன். எலும்பு டாக்டரிடம் போவதா, நரம்பு டாக்டரிடம் போவதா, இல்லை பிசியோ போதுமா? ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போகும், அதனால் சரியான இடத்துக்கு ஒரே தடவையில் போக நினைக்கிறேன்.

ஈரோட்டுக்காரன்:

தங்கச்சி, பயப்படாதே. என் வீட்டுக்காரிக்கும் இதேதான், இரண்டு வருடமாக இருக்கிறது. பி12 குறைந்தால் இப்படித்தான் மரக்கும் என்று மெடிக்கலில் சொல்லி நரம்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள், அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள். ராத்திரி படுக்கும்போது நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவேன். முன்னைக்கு இப்போது எவ்வளவோ பரவாயில்லை, ராத்திரி எழுந்திருப்பது குறைந்துவிட்டது. உனக்கும் சரியாகும்.

விரல்நுனி:

நூல்கண்டு, நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பயிற்சி கொடுப்பவள், 14 வருடமாகக் கை மட்டும்தான் பார்க்கிறேன். மேற்கொண்டு சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். இன்றைக்கு ராத்திரி எழுப்பினால் உடனே உதறாதீர்கள், விளக்கைப் போட்டு ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பாருங்கள். எந்தெந்த விரல் மரத்திருக்கிறது? சுண்டுவிரலும் மரக்கிறதா? மோதிர விரலில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா? கழுத்து வலி, கழுத்தைத் திருப்பினால் கைக்கு ஓடுகிற வலி இருக்கிறதா?

நூல்கண்டு:

பார்த்தேன் மேடம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் பஞ்சு சுற்றியது மாதிரி. மோதிர விரல்தான் ஆச்சரியமாக இருந்தது, நடுவிரல் பக்கம் மரத்திருக்கிறது, சுண்டுவிரல் பக்கம் நன்றாக உணர்ச்சி இருக்கிறது, நடுவில் கோடு போட்ட மாதிரி. சுண்டுவிரல் சுத்தமாக மரக்கவே இல்லை. கழுத்து வலி இல்லை.

விரல்நுனி:

சுண்டுவிரல் தப்பித்துக்கொண்டது என்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகள் ஓடை மாதிரி வளைந்திருக்கும், அதன் மேல் கெட்டியான ஒரு நார்ப்பட்டை மூடி போட்டது போல் இருக்கும். அந்தச் சின்னப் பாதைக்குள் விரல்களை மடக்குகிற 9 தசைநார்களும், அவற்றோடு மீடியன் என்கிற நரம்பும் போகின்றன. ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்தால் தசைநாரின் உறை தடிக்கும், பாதை அகலமாகாது, உள்ளே மென்மையாக இருப்பது நரம்பு ஒன்றுதான், அதுதான் நசுங்கும். அந்த நரம்பு உணர்ச்சி கொடுப்பது நீங்கள் சொன்ன மூன்றரை விரலுக்கு. சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு, அது இந்தப் பாதைக்குள் வருவதில்லை. கார்ப்பல் டன்னல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். நேரில் பார்க்காமல் நான் முடிவாகச் சொல்ல மாட்டேன்.

ராத்திரி ஏன் என்றால், தூங்கும்போது நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொள்கிறோம். மடக்கினால் அந்தப் பாதை இன்னும் நெருக்கமாகும். நீங்கள் எழுந்து உதறுகிறீர்களே, அதுவே ஒரு அறிகுறி. டாக்டரிடம் போனால் "ராத்திரி கையை உதறுகிறீர்களா?" என்றுதான் முதலில் கேட்பார்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்கிற மாதிரி மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். அதற்குள் அதே விரல்களில் குறுகுறுப்பு வந்தால் நரம்பு நெருக்குப்படுகிறது என்று சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. வரவில்லை என்பதற்காக ஒன்றும் இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

அப்புறம், இரண்டு உள்ளங்கைகளையும் டியூப்லைட்டுக்குக் கீழே பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிற சதைமேட்டைப் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டும். மரத்துப்போகிற கையில் அது தட்டையாகவோ, குழி விழுந்தோ இருந்தால் நாள் கடத்தக் கூடாது. அந்தச் சதைக்குக் கட்டளை கொடுப்பதும் இதே நரம்புதான், ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்தால் சதை வற்றும், வற்றியது முழுதாகத் திரும்புவது கடினம்.

ஈரோட்டு அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பி12 குறைந்தாலும் மரக்கும், ஆனால் அது பெரும்பாலும் பாதத்தில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் வரும், ஒரு கையில் மூன்றரை விரலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வராது. ராத்திரி எழுந்திருப்பது குறைந்துவிட்டது என்றீர்கள். எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. விட்டு விட்டு வந்துகொண்டிருந்த மரப்பு நாள் முழுக்க அப்படியே தங்கிவிட்டாலும் ராத்திரி எழுப்பாது. சட்டைப் பொத்தான் போடுவதில், சேஃப்டி பின் குத்துவதில், பூ கட்டுவதில் சிரமம் இருக்கிறதா என்று அண்ணியிடம் கேட்டுப் பாருங்கள்.

தறிப்பட்டறை:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உழைக்கிற கை வலிக்கத்தான் செய்யும், மரக்கத்தான் செய்யும். எங்கள் அப்பா 40 வருடம் தறி ஓட்டினார், ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. இப்போது போனால் முதல் வார்த்தையே ஆபரேஷன் என்கிறார்கள். இரண்டு நாள் ஓய்வு கொடுத்தால் சரியாகிற விஷயத்தை ஏன் பெரிதாக்க வேண்டும்?

விரல்நுனி:

அண்ணா, உங்கள் கேள்வி நியாயம்தான், இதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். உழைத்த களைப்பு வேலை முடிந்ததும் குறைய ஆரம்பிக்கும், படுத்து எழுந்தால் போய்விடும். இது படுத்த பிறகு வருகிறது, ஓய்வில் எழுப்புகிறது, வாரத்துக்கு ஒன்றாக இருந்தது தினமும் ஆகிறது. களைத்த கை பிடித்த பொருளைத் தெரியாமல் விடாது.

ஆபரேஷன் பற்றி: ஆரம்பத்தில் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு முதலில் கொடுப்பது ராத்திரி போட்டுக்கொள்ள ஒரு ஸ்பிளின்ட், மணிக்கட்டு நேராக நிற்கிற மாதிரி. ஆறு வாரமாவது போட வேண்டும். கூடவே தசைநார்கள் அந்தப் பாதையில் வழுக்கி ஓடுவதற்கான விரல் பயிற்சி, வேலை செய்கிற விதத்தில் மாற்றம். சிலருக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி. முற்றிப்போய் வருகிறவர்களுக்குத்தான் முதல் வார்த்தையே ஆபரேஷன் ஆகிறது. அதுவும் கையை மட்டும் மரக்க வைத்துச் செய்து பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவது, பயப்படுகிற அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை.

நூல்கண்டு, நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில்: எலும்பு டாக்டர் அல்லது கை அறுவைச் சிகிச்சை நிபுணர். நம் மாநிலத்தில் நிறைய இடங்களில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில்தான் கையைப் பார்க்கிறார்கள், பேரைப் பார்த்து அழகு சிகிச்சை என்று ஒதுங்கிவிடாதீர்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. சம்பளம் மாதம் 21,000க்குள் என்றால் உங்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிப்பார்கள், அந்த டிஸ்பென்சரியில் ஆரம்பித்து மேல் ஆஸ்பத்திரிக்கு எழுதி வாங்குங்கள். டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், இ.எஸ்.ஐ. சந்தா கட்டிய நாள் கணக்கு சரியாக இருக்கும் பட்சத்தில் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். லீவு போட்டால் மொத்தமும் போய்விடும் என்று நினைத்தே பலர் வருவதில்லை. சர்க்கரையும் தைராய்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டுமே இதைக் கொண்டுவரும்.

மல்லிகைக்கொடி:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். குழந்தை பிறந்து 4 மாதம். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் சுருக்கென்று வலி, குழந்தையைத் தூக்கினால் உயிர் போகிறது. குழந்தையைத் தூக்காமல் எப்படி இருப்பது? பச்சை உடம்பில் காற்று பட்டதால் வந்தது என்று அத்தை சொல்கிறார், காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

விரல்நுனி:

நீங்கள் சொல்கிற இடத்தில் கட்டைவிரலை விரிக்கிற இரண்டு தசைநார்கள் ஒரே உறைக்குள் போகின்றன. குழந்தையின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, கட்டைவிரலை அகல விரித்துத் தூக்குகிறோம் இல்லையா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்தால் அதே இடத்தில் வலி கொல்லும். லேசாகச் செய்து பாருங்கள், இழுக்க வேண்டாம்.

தூக்குகிற விதத்தை இன்றைக்கே மாற்றலாம். உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கை குழந்தையின் பிட்டத்துக்கு அடியில், ஒரு கை தலைக்கும் முதுகுக்கும் அடியில், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்து அள்ளி எடுங்கள். பால் கொடுக்கும்போது குழந்தையின் எடையை மணிக்கட்டு தாங்காமல் தலையணை தாங்கட்டும். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்பிளின்ட் ஒன்று இருக்கிறது, தெரபிஸ்ட் உங்கள் கை அளவுக்கே செய்து தருவார். இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். அத்தையிடம் சண்டை வேண்டாம், குழந்தையைத் தூக்கித் தருகிற வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

திருமங்கலம் ஆசிரியர்:

ஓய்வு பெற்ற தமிழாசிரியன், வயது 61, சர்க்கரை 15 வருடமாக. காலையில் எழுந்ததும் வலது மோதிர விரல் மடங்கியபடியே நின்றுவிடுகிறது. இடது கையால் பிடித்து நிமிர்த்தினால் டக்கென்று ஒரு சத்தத்தோடு நேராகிறது. உள்ளங்கையில் அந்த விரலின் அடியில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒன்று தட்டுப்படுகிறது.

இன்னொன்று. போன பிரதோஷத்தன்று சந்நிதியில் கும்பிட்டு நின்றபோது என் பேத்தி, "தாத்தா, ஏன் கையைச் சேர்க்காமல் கும்பிடுகிறாய்?" என்று கேட்டாள். சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்த்தால், விரல் நுனிகளும் உள்ளங்கையின் அடிப்பக்கமும்தான் தொடுகின்றன, நடுவில் விரல்களுக்கிடையே தீபம் தெரிகிற அளவுக்கு இடைவெளி. அழுத்திப் பார்த்தேன், சேரவில்லை. எப்போதிருந்து இப்படி என்று எனக்கே தெரியவில்லை.

விரல்நுனி:

ஐயா, உங்கள் பேத்தி கவனித்தது பெரிய விஷயம். சர்க்கரை நீண்ட நாள் இருப்பவர்களுக்குத் தோலும் மூட்டைச் சுற்றிய திசுவும் இறுகி, வலியே இல்லாமல் விரல்கள் விறைத்துக்கொண்டு போகும். நாங்கள் கும்பிடச் சொல்லித்தான் பார்ப்போம். கை இப்படி இருந்தால் கண், சிறுநீரகம் இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது, ஏனென்றால் சர்க்கரை கையில் இந்த வேலையைச் செய்திருந்தால் அங்கும் செய்திருக்கலாம்.

விரல் மாட்டிக்கொள்வது தனி. தசைநார் கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவது மாதிரி விரலின் அடியில் ஒரு வளையத்துக்குள் ஓடுகிறது. வளையமும் தசைநாரும் தடித்தால் முடிச்சு விழுந்த கயிறு மாதிரி மாட்டும், இழுத்தால் டக்கென்று விடும். சத்தம் வருகிற கட்டத்திலேயே வந்தால் ஸ்பிளின்ட், ஊசி என்று முடியும். நிமிர்த்தவே முடியாமல் மாதக்கணக்கில் விட்டால் நடு மூட்டும் இறுகிவிடும், அப்புறம் வளையத்தை வெட்டி விட்டாலும் விரல் முழுதாக நிமிராது. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், அதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். நெட்டி முறிக்கிற மாதிரி இழுத்து இழுத்து விடாதீர்கள்.

பழைய ஆலமரம்:

தொழுநோய்ப் பிரிவில் களப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சுண்டுவிரல் மரத்தால் என்ன என்று யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்தால் அது முழங்கையைச் சுற்றி வருகிற நரம்பு. முழங்கையை மடக்கிப் போன் பேசுகிறவர்களுக்கும் கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர்களுக்கும் வரும், அது ஒரு கணக்கு. ஆனால் தோலில் நிறம் வெளுத்த தேமல் ஒன்று இருந்து, அதைத் தொட்டால் உணர்ச்சி இல்லாமலும் இருந்தால், தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். நான் பார்த்த வரை முதலில் வருவது வலி அல்ல. சட்டைப் பைக்குள் கை விடும்போது சுண்டுவிரல் மட்டும் ஒட்டாமல் விலகி வெளியே மாட்டிக்கொள்ளும். சோறு பிசைந்து அள்ளினால் அந்தப் பக்கமாகச் சிந்தும். குழம்புச் சட்டியை இறக்கிய பெண்ணின் விரலில் கொப்புளம் இருக்கும், எப்போது சுட்டது என்று கேட்டால் தெரியாது என்பார்.

கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், 6 மாதம் அல்லது 12 மாதம். நரம்பு பாதித்து 6 மாதத்துக்குள் வந்துவிட்டால் உணர்ச்சியும் பலமும் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. விரல் மடங்கிப் போனவர்களுக்கும் வழி உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்கிற வெள்ளைக்கார டாக்டர் 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து, நன்றாக இருக்கிற தசைநாரை மாற்றிக் கட்டி மடங்கிய விரல்களை நிமிர்த்திக் காட்டினார். நோய் விரலைத் தின்பதில்லை, உணர்ச்சி இல்லாததால் சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல்தான் விரல் தேய்கிறது என்று ஊருக்கு எடுத்துச் சொன்னவர் அவர். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு, இடம் மாறிய தசைக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுக்க வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். கை தெரபி என்று நீங்கள் பேசுவது நம் மண்ணில் அப்படித்தான் வேர் பிடித்தது. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

இருசக்கரம்:

நான் தாமதமாகப் போனவன், அதனால் எழுதுகிறேன். பைக்கில் விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது, 6 வாரம் மாவுக்கட்டு. எலும்பு கூட வேண்டும் என்று நினைத்து விரலைக்கூட அசைக்காமல் கையைத் தொங்கவிட்டு வைத்திருந்தேன். விரல்கள் பூரி மாதிரி வீங்கின, எரிந்தன, தோல் பளபளவென்று ஆனது, கட்டுக்குள் இருப்பதால் அப்படி என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கட்டுப் பிரித்த அன்று எக்ஸ்ரேயில் எலும்பு அருமையாகக் கூடியிருந்தது, கை மூடவில்லை. விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம்.

அப்புறம் ஐந்து மாதம் தெரபி. வெந்நீரில் கையை வைத்து மடக்குவது, துணி கிளிப்பை அழுத்துவது, அரிசிக்குள் கையைப் புதைத்து உள்ளே கிடக்கிற காசைத் தேடி எடுப்பது. முதல் மாதம் ஒரு ரூபாய்க் காசைத் தரையிலிருந்து எடுக்க முடியவில்லை, விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போய்த்தான் எடுப்பேன். வேட்டியை நானே கட்டிக்கொள்ள நாலு மாதம் ஆனது.

விரல்நுனி:

தம்பி எழுதியதை இரண்டு தடவை படியுங்கள். மாவுக்கட்டு போட்ட அன்றிலிருந்தே, டாக்டர் வேண்டாம் என்று சொல்லாத வரைக்கும், வெளியே இருக்கிற விரல்கள், முழங்கை, தோள் எல்லாவற்றையும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். எரிச்சல், பளபளப்பு, நிறம் மாறுவது, அடிக்கு மிஞ்சின வலி இருந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். விரல் நீலம் பாய்ந்து, மரத்து, நிமிர்த்தினால் துடிக்கிற வலி என்றால் கட்டு எதுவாக இருந்தாலும், மாவுக்கட்டோ நாட்டுக் கட்டோ, அந்த மணி நேரமே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கண்ணாடி, கத்தி வெட்டும் அப்படித்தான். தையல் போட்டாகிவிட்டது என்று விடாமல், ஒவ்வொரு விரலின் கடைசி மூட்டும் மடங்குகிறதா, நிமிர்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் தசைநாரையும் நரம்பு என்றேதான் சொல்கிறோம், ஆனால் இரண்டும் வேறு, உள்ளே எது வெட்டுப்பட்டது என்று தோலில் போட்ட தையல் சொல்லாது.

நூல்கண்டு:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். இ.எஸ்.ஐ.யில் எழுதி வாங்கிப் போனேன், கையில் லேசாக ஷாக் மாதிரி வைத்து நரம்பு வேகம் பார்த்தார்கள், மணிக்கட்டில் வேகம் குறைந்திருக்கிறது, சதை இன்னும் வற்றவில்லை என்றார்கள். தைராய்டும் இருக்கிறது, அதற்கும் மாத்திரை. ஸ்பிளின்ட் போட்டுப் படுத்த முதல் வாரம் தூக்கமே வரவில்லை, கழற்றி எறியத் தோன்றியது. மூன்றாவது வாரம் ஒரு நாள் கண் விழித்தால் விடிந்திருந்தது. இப்போது வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். லைனில் சொல்லி ஒரு மணி நேரம் ட்ரிம்மர், ஒரு மணி நேரம் மடிப்பு என்று மாற்றி வாங்கிக்கொண்டேன். பக்கத்து டேபிள் அக்கா இரண்டு பேருக்கும் விரல் எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன், ஒருவருக்கு என்னைப் போலவே.

ஈரோட்டுக்காரன்:

விரல்நுனி மேடம், அன்றைக்கே பார்க்கவில்லை, நேற்றுத்தான் பார்த்தேன். வீட்டுக்காரியின் இரண்டு கையையும் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தேன். இடது கையில் மேடு இருக்கிறது, வலது கையில் அந்த இடம் பள்ளமாக இருக்கிறது, கட்டைவிரலைத் தூக்கிச் சுண்டுவிரலைத் தொடச் சொன்னால் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிறது. தினமும் எண்ணெய் தேய்த்த கைதான், எனக்குத் தெரியவில்லை. பொத்தான் போடுவதைக் கேட்டேன். ஆறு மாதமாகக் கொக்கி வைத்த ரவிக்கையைத் தங்கச்சி மகள்தான் மாட்டிவிடுகிறாள் என்றாள், என்னிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டிருக்கிறேன். என்னவெல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

விரல்நுனி:

போட்டுக்கொண்டிருக்கிற மாத்திரை அட்டை எல்லாம், பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு, சர்க்கரை தைராய்டு பார்த்திருந்தால் அதுவும். அந்தக் கொக்கி ரவிக்கை ஒன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள் அண்ணா, தெரபிஸ்டிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆபரேஷன் என்று சொன்னால் தள்ளிப்போடாதீர்கள், இருக்கிற சதையைக் காப்பாற்றுவதற்கும் மரப்பு குறைவதற்கும் இப்போதும் நேரம் இருக்கிறது. வியாழன் சாயந்திரம் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.